மண்ணுக்குள் போகும் குழாயும் கைப்பேசியில் தெரியும் பொத்தானும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிதாக வீடு கட்டுவோர் நீச்சல் குளமும் ஸ்பா எனப்படும் சுடுநீர்த் தொட்டியும் அமைத்துக்கொள்வது பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். டைல்ஸின் நிறம், நீருக்கடியில் எரியும் விளக்குகள், அலுவலகத்திலிருந்து கிளம்பும்போதே கைப்பேசியில் தட்டி ஸ்பாவைச் சூடேற்றிக்கொள்ளும் வசதி என்று பலவற்றை அழகாகச் சொல்லியிருந்த அந்தக் கட்டுரையில், குழாய் என்ற சொல் ஒரே ஓர் இடத்தில்தான் வந்தது. அதுவும் அந்த வேலையை ஒப்பந்ததாரர் பார்த்துக்கொள்வார் என்ற அளவோடு முடிந்துவிட்டது. கோவையில் 31 ஆண்டுகள் பம்பு வடிவமைப்பில் வேலை பார்த்தவன் நான். சென்ற ஆண்டு என் மகள் வீட்டில் இப்படி ஒரு குளமும் ஸ்பாவும் கட்டப்பட்டபோது, குழி தோண்டிய நாள் முதல் தண்ணீர் நிரப்பிய நாள் வரை கூடவே நின்றவன். ஒப்பந்ததாரர் பார்த்துக்கொள்ளாதவை எவை என்பதை அங்கே நேரில் கண்டதால் இதை எழுதுகிறேன்.

குளம் கட்டுகிறவர்கள் எதைப் பற்றி முதலில் கவலைப்பட வேண்டுமோ அதைப் பற்றிக் கடைசியில்கூடக் கவலைப்படுவதில்லை. டைல்ஸ் பிடிக்காவிட்டால் ஐந்து ஆண்டு கழித்துப் பெயர்த்துவிட்டு வேறு ஒட்டலாம். விளக்கை மாற்றலாம், பம்பை மாற்றலாம். இன்று வாங்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் என்றாவது ஒரு நாள் பழசாகி மாறத்தான் போகிறது. கான்கிரீட்டுக்கு அடியில் போய்விட்ட குழாயை மட்டும் குளத்தை உடைக்காமல் தொட முடியாது. தானியங்கி ஏற்பாடு என்று பெரிதாகப் பேசப்படுவதன் பாதி வேலை, அந்தக் குழாய்களில் உள்ள இரண்டு மூன்று வால்வுகளைத் திருப்புவதும் பம்பின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பதும்தான். குழாய் சிறுத்திருந்தால் எந்தச் செயலியாலும் அதைப் பெரிதாக்கிவிட முடியாது.

எங்கள் வீட்டுக் கணக்கையே சொல்கிறேன். குளம் 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், ஆழம் 1.2 மீட்டரில் தொடங்கி 1.5 மீட்டரில் முடிகிறது. சுமார் 43,000 லிட்டர் பிடிக்கும். அந்த நீர் முழுவதும் 6 மணி நேரத்துக்கு ஒரு முறை வடிகட்டியைச் சுற்றிவர வேண்டும் என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 120 லிட்டர் ஓடினால் போதும். நம் ஊர்க் கடைகளில் 'ஒன்றரை இன்ச்' என்று கேட்டால் எடுத்துக் கொடுக்கும், வெளிவிட்டம் 50 மி.மீ. உள்ள பிவிசி குழாய் அதைத் தாங்கும். ஒப்பந்ததாரர் தம் வரைபடத்தில் அதைத்தான் குறித்திருந்தார். ஸ்பாவுக்கும் அதே குழாயைக் குறித்திருந்தார். தொட்டி சின்னது, 3,500 லிட்டர்தான், அதற்கு எதற்குப் பெரிய குழாய் என்பது அவர் வாதம். கேட்பதற்கு நியாயமாகத்தான் தோன்றும்.

ஆனால் ஸ்பா, தண்ணீரைச் சேர்த்துவைக்கும் தொட்டி அன்று. முதுகையும் தோளையும் பிடித்துவிடுவதற்காகத் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சும் தொட்டி. எங்கள் ஸ்பாவில் ஆறு ஜெட்டுகள்; ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 55 லிட்டர் கேட்கிறது. ஆக 330 லிட்டர். குளத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத அந்தத் தொட்டி, குளத்தைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு ஓட்டத்தைக் கேட்கிறது. இவ்வளவு நீர் 50 மி.மீ. குழாயில் போனால் அதன் வேகம் நொடிக்கு 3.4 மீட்டரை எட்டும். பம்பு நீரை உறிஞ்சும் பக்கத்துக் குழாயில் 1.8 மீட்டரைத் தாண்டக் கூடாது, தள்ளும் பக்கத்தில் 2.4 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது இத்தொழிலில் பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. 63 மி.மீ. போட்டாலும் உறிஞ்சும் பக்கத்துக்கு அது பற்றாது, 75 மி.மீ. போட்டால்தான் அளவுக்குள் வருகிறது. அதே ஓட்டத்துக்கு 50 மி.மீ. குழாயில் உராய்வால் வீணாகும் அழுத்தத்தில் ஏழில் ஒரு பங்குதான் 75 மி.மீ. குழாயில் வீணாகும். வாய்க்கால் தண்ணீரைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புரியாத செய்தியும் அல்ல.

நான் இதைச் சொன்னபோது ஒப்பந்ததாரர் உடனே ஒரு தீர்வு வைத்திருந்தார்: "பம்பைப் பெருசாப் போட்டுடலாம் சார்." கோவையில் இருந்துகொண்டு இதைக் கேட்பது எனக்குச் சற்று வேதனையாகவே இருந்தது. பம்பு தண்ணீரைத் தள்ளும். ஆனால் தன்னிடம் வந்து சேராத தண்ணீரை அதனால் தள்ள முடியாது. சிறுத்த குழாயின் வழியே பெரிய பம்பை உறிஞ்சவிட்டால், பம்பின் வாயில் அழுத்தம் விழுந்து, தண்ணீர் அந்த இடத்திலேயே ஆவிக் குமிழிகளாகப் பொங்கும்; அவை பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் என்ற சக்கரத்துக்குள் போய் உடையும்போது கூழாங்கற்கள் உருள்வதுபோல ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்கத் தொடங்கிய பம்பின் ஆயுள் எண்ணப்பட்டுவிட்டது என்று பொருள். பம்பு வாய்க்கு முன்னால் குழாயின் விட்டத்தைப்போல ஐந்து மடங்கு நீளத்துக்காவது நேர்க்குழாய் இருக்க வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்ததே. எங்கள் மோட்டார் அறை வரைபடத்தில் இடத்தை மிச்சப்படுத்துவதற்காகப் பம்பை ஒட்டியே எல்போ என்ற வளைவு இணைப்பு ஒன்றை வைத்திருந்தார்கள். அறையை ஒன்றேகால் அடி நீட்டச் சொன்னேன்.

இதைவிடப் பெரிய செய்தி ஒன்று உண்டு. கட்டுரையில் அது ஒரு வரியாகக்கூட வராததுதான் என்னை எழுதத் தூண்டியது. குளத்தின் அடியிலோ ஸ்பாவின் அடியிலோ நீரை உறிஞ்சும் வாய் ஒன்றே ஒன்றாக இருந்தால், அதன்மேல் ஒருவர் உடல் பட்டு அடைத்துக்கொள்ளும்போது பம்பின் முழு இழுப்பும் அந்த உடலின்மேல் விழுகிறது. 20 செ.மீ. விட்டமுள்ள வாயை அடைத்துக்கொண்டால், வளிமண்டல அழுத்தத்தில் பாதி அளவுக்கு இழுப்பு ஏற்பட்டாலே 160 கிலோ எடை அழுத்துவதற்குச் சமம். குழந்தையால் அதிலிருந்து எழ முடியாது, பெரியவராலும் முடியாது. அமெரிக்காவில் வெளியுறவு அமைச்சராக இருந்த ஜேம்ஸ் பேக்கரின் பேத்தி, ஏழு வயதுச் சிறுமி வர்ஜீனியா கிரேம் பேக்கர், 2002-இல் ஒரு ஸ்பாவின் அடிவாயில் இப்படிச் சிக்கி இறந்தாள். நீச்சல் நன்றாகத் தெரிந்த பிள்ளை அவள். பெரியவர்கள் இருவர் சேர்ந்து இழுத்துத்தான் அவளை வெளியே எடுக்க முடிந்தது. அவள் தாயின் இடைவிடாத முயற்சியால் 2007 டிசம்பரில் அந்த நாட்டில் ஒரு சட்டம் நிறைவேறியது. அச்சட்டம் அச்சிறுமியின் பெயரையே தாங்கியிருக்கிறது. பொதுக் குளங்களின் வடிவாய் மூடிகள் எப்படி இருக்க வேண்டும் என்றும், ஒற்றை வாய் உள்ள இடத்தில் கூடுதலாக என்ன பாதுகாப்பு வேண்டும் என்றும் அது விதிக்கிறது.

என் மகள் வீட்டுக் குளத்தை எந்த அதிகாரியும் வந்து சோதிக்கவில்லை. ஒப்பந்ததாரரின் வரைபடத்தில் குளத்துக்கு ஒரு வாய், ஸ்பாவுக்கு ஒரு வாய். ஒவ்வொன்றையும் இரண்டாக்கச் சொன்னேன். இரண்டாக்கினால் மட்டும் போதாது: ஒன்றுக்கொன்று மூன்றடிக்குக் குறையாத தூரத்தில் இருக்க வேண்டும், இரண்டும் 'டீ' (T) வடிவ இணைப்பு ஒன்றில் சரிசமமாகச் சேர்ந்து பம்புக்குப் போக வேண்டும், நடுவில் ஒன்றை மட்டும் மூடக்கூடிய வால்வு இருக்கக் கூடாது, ஒன்று அடைபட்டால் மற்றொன்றே முழு ஓட்டத்தையும் தாங்கும் அளவுக்கு அதன் குழாயும் மூடியும் இருக்க வேண்டும். மூடி தட்டையாக இல்லாமல் சற்றுக் குவிந்து, இத்தனை லிட்டர் ஓட்டத்துக்கு என்று அளவு குறிக்கப்பட்டு, திருகாணியால் இறுக்கப்பட்டிருக்க வேண்டும். நீளமான கூந்தல் மூடியின் துளைகளுக்குள் இழுக்கப்பட்டு முடிச்சிட்டுக்கொள்வதும் இந்த வகை விபத்தே. ஸ்பாவில் தலையை நீருக்குள் முக்குவதை எங்கள் வீட்டில் பேத்திகளுக்குத் தடை செய்திருக்கிறோம். இந்த மாற்றங்களுக்கு ஆன கூடுதல் செலவு, டைல்ஸுக்குக் கொடுத்த பணத்தின் பக்கத்தில்கூட வராது. கான்கிரீட் போட்ட பிறகு இதையே செய்ய நினைத்தால் ஆகும் செலவை நான் சொல்ல வேண்டியதில்லை.

குழாய் பதித்த பிறகு, கம்பி கட்டுவதற்கு முன்னால், எல்லா வாய்களையும் அடைத்து, தண்ணீரை ஏற்றி, சதுர செ.மீ.க்கு 2 கிலோ அழுத்தத்தில் ஒரு நாள் முழுக்க நிறுத்திப் பார்க்க வேண்டும். காற்றை ஏற்றிச் சோதிப்பது எளிது என்று சிலர் செய்கிறார்கள். பிவிசி குழாய் காற்றழுத்தத்தில் வெடித்தால் சில்லுகள் பாயும், ஆகவே தண்ணீர்தான் சரி. எங்கள் தளத்தில் சாயங்காலம் ஏற்றிய அழுத்தம் மறுநாள் சாயங்காலம் பாதியாக இறங்கியிருந்தது. காலையில் பார்ப்பதற்கும் வெயிலில் பார்ப்பதற்கும் அழுத்தமானியில் சிறிது வேறுபாடு வரும். ஆனால் ஒரே நேரத்தில் பார்த்த இரண்டு அளவுகள் இவ்வளவு மாறாது. "நிரப்பினா தெரிஞ்சிடும் சார், நாளைக்குக் கான்கிரீட் வண்டி சொல்லியாச்சு" என்றார் மேஸ்திரி. வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டுத் தேடியபோது, ஸ்பாவின் படிக்குக் கீழே ஒரு ஜாயிண்டில் பசை தடவாமல் வெறுமனே செருகி வைத்திருந்தது தெரிந்தது. ஒட்டிய பையன் சாப்பிடப் போனபோது விட்டுப்போனதாம். அவனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை; சோதிக்காமல் மூடத் துணிந்தவர்களைத்தான் சொல்ல வேண்டும். கான்கிரீட் போடும்போதும் அழுத்தத்தை இறக்காமல் மானியைப் பொருத்தியே வைத்திருந்தோம். மண்வெட்டியோ கம்பியோ எங்கேனும் குத்தினால் அந்தக் கணமே முள் இறங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். மூடுவதற்கு முன் ஒவ்வொரு குழாயின் அருகிலும் அளவு நாடாவை விரித்து வைத்துப் படமும் எடுத்துக்கொண்டேன்.

இனித் தானியங்கி ஏற்பாட்டுக்கு வருகிறேன். நான் அதற்கு எதிரி அல்லன். வேகம் மாற்றக்கூடிய பம்பை அது இயக்கும் விதம் உண்மையிலேயே பாராட்டத்தக்கது. பம்பின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் ஓட்டம் பாதியாகும். மின்சாரமோ ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகிவிடும். ஆகவே வடிகட்டும் வேலைக்கு மெதுவாகப் பல மணி நேரமும், ஸ்பாவுக்கு வேகமாக அரை மணி நேரமும் என்று ஒரே பம்பை வைத்து இரண்டையும் சமாளிக்கலாம். அமெரிக்காவில் 2021 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள திறன் விதிகளால், வீட்டுக் குளங்களுக்கான புதிய பம்புகளில் பெரும்பாலானவை இந்த வகைக்கு மாறிவிட்டன. இதைத் தினமும் கையால் மாற்றிக்கொண்டிருக்க யாராலும் முடியாது, பெட்டி செய்யட்டும்.

என் கவலை வால்வுகளைப் பற்றியது. குளமும் ஸ்பாவும் ஒரே பம்பைப் பகிர்ந்துகொள்ளும்போது, நீர் எங்கிருந்து வர வேண்டும் என்று ஒரு மூவழி வால்வும், எங்கே போக வேண்டும் என்று மற்றொரு மூவழி வால்வும் தீர்மானிக்கின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் 24 வோல்ட்டில் இயங்கும் ஆக்சுவேட்டர் என்ற சிறு மோட்டார் உட்கார்ந்திருக்கும். ஸ்பா என்று கைப்பேசியில் தட்டினால் இரண்டும் சேர்ந்து திரும்ப வேண்டும். உறிஞ்சும் வால்வு ஸ்பாவுக்குத் திரும்பிவிட்டு, தள்ளும் வால்வு குளத்திலேயே சிக்கிக்கொண்டால் என்ன ஆகும்? 3,500 லிட்டர் ஸ்பா பத்தே நிமிடத்தில் காலியாகி, பம்பு காற்றுப் பிடித்துக்கொண்டு வெறுமனே சுழலும். அப்போதும் கைப்பேசியில் ஸ்பா என்றே ஒளிரும். ஏனென்றால் வீடுகளில் போடப்படும் பெரும்பாலான ஆக்சுவேட்டர்கள் கட்டளையை வாங்கிக்கொள்ளுமே தவிர, தாம் எங்கே நிற்கிறோம் என்பதைத் திருப்பிச் சொல்வதில்லை. திரையில் தெரிவது பெட்டி கொடுத்த கட்டளை. வால்வின் நிலை அன்று. ஆகவே ஓட்டம் இல்லாவிட்டால் பம்பையும் ஹீட்டரையும் தானே நிறுத்தும் ஃப்ளோ சுவிட்சு இல்லாத தானியங்கி ஏற்பாட்டை நான் ஏற்கவே மாட்டேன். ஒவ்வொரு வால்வையும் கையால் திருப்பவும் வழி இருக்க வேண்டும். எங்கள் மோட்டார் அறையில் வால்வுகளில் தகரச் சீட்டு கட்டி, குளம், ஸ்பா, வழிந்தோடல் என்று பெயிண்டால் எழுதி வைத்திருக்கிறேன். மாப்பிள்ளை முதலில் சிரித்தார். ஆடி மாதம் இடி விழுந்து பெட்டி பழுதான பதினோரு நாளும் தோட்டக்காரர் அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் குளத்தை ஓட்டினார்.

ஸ்பா குளத்தைவிட உயரத்தில் இருந்து, அதன் நீர் அருவிபோலக் குளத்தில் வழியும்படி அமைப்பது இப்போது பலரும் விரும்புவது. அப்படியானால் ஸ்பாவுக்குத் தள்ளும் குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் பம்பு நின்றதும் ஸ்பா நீர் வந்த வழியே பின்னோக்கி ஓடிக் குளத்தில் சேர்ந்துவிடும். காலையில் பார்த்தால் பாதித் தொட்டிதான் இருக்கும். குமிழி விடும் ப்ளோயரின் குழாயையும் நீர்மட்டத்துக்கு மேலே ஏற்றி வளைத்துத்தான் இறக்க வேண்டும், அல்லாவிட்டால் தண்ணீர் ப்ளோயருக்குள் போய்விடும்.

அலுவலகத்திலிருந்தே சூடேற்றலாம் என்று கட்டுரை சொன்னதில் ஒரு கணக்கு விடுபட்டிருக்கிறது. 3,500 லிட்டர் நீரை 28 டிகிரியிலிருந்து 38 டிகிரிக்கு ஏற்ற 40 யூனிட்டுக்குச் சற்று அதிகமான வெப்பம் வேண்டும். 6 கிலோவாட் மின் ஹீட்டர் வைத்தால் ஏழு மணி நேரம் ஆகும். வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தை எடுத்து நீருக்குத் தரும் ஹீட் பம்பு, 15 கிலோவாட் வெப்பம் தருவதாக வைத்தாலும் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவே ஆகும். ஆனால் மின் கட்டணம் நான்கில் அல்லது ஐந்தில் ஒரு பங்காகும். மாலை ஆறு மணிக்குக் கிளம்பும்போது பொத்தானைத் தட்டுகிறவர், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் ஸ்பாவில் இறங்க முடியும். நீரின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டவே கூடாது. அந்த வரம்பைப் பெட்டியில் பூட்டிவைக்கச் சொல்லுங்கள்.

அதைவிட முக்கியமானது, தொலைவிலிருந்து பொத்தானைத் தட்டுகிறவர் கண்ணுக்கு அந்தத் தொட்டியில் யார் இருக்கிறார்கள் என்பது தெரியாது என்பது. சூடேற்றுவதைத் தொலைவிலிருந்து செய்யலாம். ஜெட்டுகளை முழு வேகத்தில் ஓடவிடுவது மட்டும் ஸ்பாவின் அருகே உள்ள பொத்தானில் இருந்துதான் நடக்க வேண்டும் என்று எங்கள் பெட்டியில் அமைத்திருக்கிறோம். கை எட்டும் தூரத்தில், ஒரே தட்டில் பம்பை நிறுத்தும் சிவப்புப் பொத்தானும் இருக்கிறது. மின்வெட்டுக்குப் பிறகு மின்சாரம் வந்தால், பெட்டி விட்ட இடத்திலிருந்து ஸ்பாவைத் தொடராமல், குளம், மெதுவேகம் என்ற நிலையிலேயே விழிக்க வேண்டும் என்பதையும் கேட்டு வாங்க வேண்டும்.

மின் வேலையைப் பற்றி நான் எழுதினால் கடிதம் நீண்டுவிடும். 12 வோல்ட் விளக்குகள், மின்கசிவு 30 மில்லி ஆம்பியரை எட்டினாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி, குளத்தின் கம்பிக்கூடும் ஏணியும் பம்பும் ஒரே எர்த்தோடு பிணைப்பு ஆகிய மூன்றில் எதையும் விட்டுக்கொடுக்காதீர்கள் என்று மட்டும் சொல்லி நிறுத்துகிறேன். கட்டுப்பாட்டு வயர்களுக்கும் மின் வயர்களுக்கும் தனித்தனிக் குழாய் போட்டு, எதிர்காலத்துக்கு என்று ஒன்றைக் காலியாகவும் விட்டுவையுங்கள்.

சென்னைக் கடற்கரைப் பக்கம் கட்டுகிறவர்களுக்கு ஒரு சொல். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலத்தடி நீர் மேலேறி நிற்கும்போது குளத்தைக் காலி செய்தால், வெறுங்குளம் படகைப்போல மண்ணிலிருந்து மிதந்து எழும்பிவிடக்கூடும். அடியில் அழுத்தத்தை விடுவிக்கும் வால்வு ஒன்றைக் கட்டும்போதே வைத்தாக வேண்டும். பிறகு வைப்பது எளிதன்று.

மணல் வடிகட்டியைப் பின்னோக்கிக் கழுவும் தண்ணீர் எங்கே போகிறது என்பதையும் யாராவது கேட்க வேண்டும். 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டதால், பல மனைகளில் ஒரு சேகரிப்புக் குழி இருக்கிறது. பக்கத்தில் இருக்கிறதே என்று கழுவிய தண்ணீரை அதற்குள் விடும் பிளம்பரை நான் என் கண்ணால் கண்டேன். குளோரினும் உப்பும் கலந்த அந்த நீர், நாமும் பக்கத்து வீட்டாரும் பயன்படுத்தும் நிலத்தடி நீரில்தான் போய்ச் சேரும்.

இந்தச் செய்திகளில் சிலவற்றையேனும், குறிப்பாக இரட்டை வாய், குழாய் அளவு, அழுத்தச் சோதனை ஆகிய மூன்றையும், தங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு வரைபடத்தோடு வெளியிட வேண்டுகிறேன். குழாய்களை மூடுவதற்கு முன் நான் எடுத்த படங்களும், திருத்திய வரைபடமும் என்னிடம் உள்ளன; ஆசிரியர் குழு கேட்டால் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பம்பு வடிவமைப்புப் பொறியாளர்,
பீளமேடு, கோயம்புத்தூர்.